ஆர்டிஸின் சக்களத்தி

ஹாரோ கிரீக் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் மொத்தமே மூன்று படுக்கைகள். அந்த மூன்றுக்கும் எட்டுகிற மாதிரி ஒரு மூலையில் நின்றுகொண்டு இருபத்து மூன்று வருஷம் எழுதியவள் ஆர்டிஸ் டோலெஃப்சன். நோயாளி சொல்வதை எழுதுவாள். டாக்டர் கேட்பதை எழுதுவாள். வயிற்றை அமுக்கும்போது அந்த ஆள் பல்லைக் கடித்ததையும் எழுதுவாள். டாக்டர் கடைசியில் கையெழுத்துப் போட்டால் போதும். மொன்டானாவின் வடக்கு ஓரத்தில், மாட்டையும் கோதுமையையும் தவிர வேறு பேச்சில்லாத எங்கள் ஊரில், யாருக்கு எந்தக் கையில் எத்தனை தையல் என்று கோப்பைத் திறக்காமல் சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான். கேட்டால் சொல்லவும் மாட்டாள். அந்தக் கர்வம் அவளுக்கு நிறைய உண்டு.

பள்ளிக்கூடத்தில் தட்டச்சில் முதலாவதாக வந்தவள். அப்பாவின் நிலம் அண்ணனுக்குப் போனது, ஆர்டிஸுக்கு ஒரு தட்டச்சு இயந்திரம் வந்தது. முதலில் டாக்டர்கள் ஒலிநாடாவில் முணுமுணுத்துவிட்டுப் போனதைக் கேட்டுக் கேட்டு வீட்டில் அடித்துக் கொடுத்தாள். பிறகு மடிக்கணினியோடு படுக்கைக்குப் பக்கத்திலேயே நிற்கச் சொன்னார்கள். கணவர் ரால்ஃப் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. மகன் பில்லிங்ஸில் இருக்கிறான், நன்றியறிதல் பண்டிகைக்கு வருவான், பனி அதிகமென்றால் அதற்கும் வரமாட்டான். ஆக, அவள் வாயைத் திறந்து பேசுகிற இடமும் காதைத் திறந்து கேட்கிற இடமும் அந்த மூன்று படுக்கைகள்தான்.

டாக்டர் பெல்லமி வந்து பதினொரு வருஷம். காதல் கீதல் என்று யாரும் கற்பனை செய்ய வேண்டாம். அவருக்கு மனைவியும் இரண்டு பெண்களும் இருக்கிறார்கள், ஆர்டிஸுக்கு அவரைவிட ஒன்பது வயது கூட. ஆனால் அவர் காதுமடலைப் பிடித்து இழுத்தால் சந்தேகப்படுகிறார் என்பது அவர் மனைவிக்குத் தெரியுமோ தெரியாதோ, ஆர்டிஸுக்குத் தெரியும். அவர் கவனிக்காமல் விட்டதை இவள் கவனித்தால் பேனாவால் மேஜையை இரண்டு முறை தட்டுவாள். அவர் உடனே திரும்பி, அந்தக் கேள்வியை இன்னொரு தடவை கேட்பார். நோயாளிக்கு ஒன்றும் விளங்காது. அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த சொத்து அவ்வளவுதான்.

அந்தச் சொத்தில் மண்ணள்ளிப் போட வந்தது ஒரு கைபேசி.

ஏப்ரலில் வந்தது. டாக்டரின் சட்டைப்பையில் அது பாட்டுக்குக் கிடக்கும். அறையில் பேசுவதையெல்லாம் கேட்கும். டாக்டர் கைகழுவிக் கையைத் துடைப்பதற்குள் முழுக் குறிப்பையும் எழுதி முடித்துவிடும். நர்ஸ் கெய்லின் அதற்கு மேபல் என்று பெயர் வைத்தாள். ஒரு வாரத்தில் ஆஸ்பத்திரி முழுக்க அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. "மேபல் எழுதிட்டாளா?" "மேபலைக் கேளு." தரை துடைக்கிறவர்கூட மேபலைப் பற்றி ஏதோ அத்தை பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். ஆர்டிஸ் மட்டும் அந்தப் பெயரை ஒரு நாளும் சொல்லவில்லை. அவள் வாயில் அது "அந்தச் சனியன்".

ஆர்டிஸை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். துணி வைக்கிற அறைக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில் உட்காரவைத்தார்கள். மேபல் எழுதிய குறிப்பைப் படிக்க வேண்டும், காதில் மாட்டிக்கொண்டு பதிவைக் கேட்க வேண்டும், தப்போ வேண்டாததோ இருந்தால் திருத்த வேண்டும், இரண்டும் ஒத்துப்போனால் "சரி" என்ற பொத்தானை அழுத்த வேண்டும். வந்தவள் எழுதுவாள், இருந்தவள் அவளுக்கு எடுபிடி. சக்களத்தி சமைத்ததை ருசி பார்த்து உப்புச் சரி என்று சொல்கிற வேலை.

அதுவும் உப்பு எப்போதும் சரியாகவே இருந்து தொலைத்தது. ஆர்டிஸ் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடினாள். எழுத்துப்பிழை இல்லை. வாயில் நுழையாத மருந்துப் பெயர்களெல்லாம் ஓர் எழுத்துப் பிசகாமல் நின்றன. கிழவர் ஹைட் முக்கால் மணி நேரம் தன் டிராக்டரைப் பற்றிப் பேசிவிட்டு நடுவில் நெஞ்சுவலியைச் சொன்னால், மேபல் டிராக்டரைத் தூக்கி எறிந்துவிட்டு நெஞ்சுவலியை மட்டும் அழகாக இரண்டு வரியில் வைத்தது. ஆர்டிஸாக இருந்தால் பத்து வரி ஆகியிருக்கும். அந்த இரண்டு வரியைப் படித்தபோது அவளுக்கு வயிறு எரிந்தது. நன்றாக இருந்தது என்பதால்தான் எரிந்தது.

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை, காப்பி வைத்திருக்கும் இடத்தில் டாக்டர் பெல்லமி அவளைப் பார்த்தார். முகம் பளிச்சென்று இருந்தது.

"ஆர்டிஸ், போன வாரம் முழுக்க ஆறு மணிக்கு வீட்டுக்குப் போயிட்டேன், தெரியுமா? சின்னவளோட பந்தாட்டத்தை முதல் தடவை கடைசிவரைக்கும் பார்த்தேன். மேபலுக்கு ஒரு கேக் சுட்டுக் குடுக்கணும்."

பதினொரு வருஷமாக அவருக்கு ருபார்ப் தண்டு போட்ட கேக் சுட்டுக் கொண்டுவந்தவள் ஆர்டிஸ்.

"அதுக்கு வாய் கிடையாது டாக்," என்றாள்.

"அதான் அவகிட்ட எல்லாருக்கும் பிடிச்சதே," என்றாள் கெய்லின், சிரிப்பை அடக்கிக்கொண்டு. இருபத்தாறு வயது. சின்ன வயதில் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் குறிப்பு எழுதியவள் ஆர்டிஸ்.

டாக்டரும் சிரித்தார். ஆர்டிஸும் சிரித்துவைத்தாள். அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வியாழக்கிழமை காலை நிர்வாகக் குழு கூடுகிறது என்பது ஊருக்கே தெரியும். மூன்று மாதம் பார்த்தாயிற்று, மேபலை நிரந்தரமாக வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்வார்கள். வைத்துக்கொண்டால் ஆர்டிஸ் ஓய்வு பெறுகிறவரை அந்தச் சின்ன அறைதான். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு தப்பு. ஒரு நல்ல, பெரிய, எல்லார் முன்னாலும் மேஜைமேல் போட்டு உடைக்கக்கூடிய தப்பு.

செவ்வாய்க்கிழமை அது கிடைத்தது.

வெண்டல் ஓஸ்னஸ் வந்திருந்தான். ஊருக்கு வடக்கே மாடு வளர்க்கிறவன், அறுபத்து நான்கு வயது. வைக்கோல் ஏற்றுகிற வண்டியிலிருந்து சறுக்கி விழுந்து முதுகு பிடித்துக்கொண்டது. வைக்கோல் காலத்தில் ஒரு மாட்டுக்காரன் தானாக ஆஸ்பத்திரிக்கு வரமாட்டான். மனைவி லொரெட்டா இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். லொரெட்டாவும் ஆர்டிஸும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஆர்டிஸ் அவர்களைப் பார்க்கவில்லை, மதியம் பதிவில்தான் கேட்டாள்.

"வலி எப்படி வெண்டல்?" டாக்டரின் குரல்.

"பெரிசா ஒண்ணுமில்ல."

"பத்துக்கு எத்தனை?"

"ரெண்டு இருக்கும்."

"பொய் சொல்றான் டாக்," என்றது லொரெட்டாவின் குரல். "காலையில பூட்ஸ் போட முடியாம என்னைக் கூப்பிட்டான். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்துல முதல் தடவை."

"வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?"

"இல்ல."

"ஒண்ணுமே இல்லையா?"

"மருந்தெல்லாம் எனக்கு ஒத்துக்காது டாக்."

பிறகு குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம். டாக்டர் கை கழுவுகிறார். அந்தச் சத்தத்துக்கு மேலே லொரெட்டா, யாரிடமென்று இல்லாமல், சிரித்துக்கொண்டே பேசினாள்.

"மருந்து ஒத்துக்காதாம். ரெண்டு வாரமா அந்தப் பெட்டைக்குதிரையோட பவுடரை நக்கிட்டிருக்கான். கால்நடை டாக்டர் அதோட நொண்டிக்குக் குடுத்தது. குதிரை இன்னும் நொண்டுது, இவன்தான் துள்ளிட்டிருந்தான்."

"வாயை மூடுடி," என்றான் வெண்டல்.

தண்ணீர் நின்றது. டாக்டர் ஊசி போடுவதாகச் சொன்னார், ஏழு நாளைக்கு வலி மாத்திரை எழுதினார். முடிந்தது.

ஆர்டிஸ் மேபலின் குறிப்பைப் பார்த்தாள். "நோயாளி தற்போது எந்த மருந்தும் உட்கொள்ளவில்லை." குதிரை இல்லை. பவுடர் இல்லை. ஹைட் கிழவரின் டிராக்டரைத் தூக்கி எறிந்ததுபோலவே குதிரையையும் எறிந்துவிட்டிருந்தது. மாடு, குதிரை, வானிலை எல்லாம் அதற்கு வெட்டிப் பேச்சு.

இந்தப் பக்கத்து ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. தொழுவத்தில் இருப்பது மருந்தில்லை, அது சாமான். குதிரைக்குக் கொடுக்கிற வலிப் பவுடரை ஒரு சிட்டிகை நாக்கில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவன் சத்தியமாக "மருந்து சாப்பிடலை" என்பான், அவனைப் பொறுத்தவரை அது உண்மை. ஆர்டிஸ் அந்த மூலையில் நின்றிருந்தால் பேனா இரண்டு முறை தட்டியிருக்கும். டாக்டர் திரும்பி, "தொழுவத்துல இருந்து ஏதாவது?" என்று கேட்டிருப்பார். அந்தப் பவுடரும் டாக்டர் எழுதிய மாத்திரையும் ஒரே ஜாதி. இரண்டும் சேர்ந்தால் வயிற்றைப் புண்ணாக்கிவிடும். இது ஆர்டிஸுக்கு நன்றாகவே தெரியும். இதே காரணத்துக்காக இரண்டு வருஷம் முன்னால் வேறொரு ஆளுக்குத் தட்டியிருக்கிறாள்.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைக்க முடியாது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, தனியாக அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு "மாட்டினியா!" என்று வாய்விட்டுச் சொன்னாள். ஒரு துண்டுக் காகிதத்தில் பதிவின் நேரத்தைக் குறித்தாள். பதினொரு நிமிஷம், நாற்பது வினாடி. காகிதத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

அடுத்து என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பத்தடி நடந்து டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்ன ஆகும்? அவர், "நல்லவேளை ஆர்டிஸ்" என்பார். லொரெட்டாவுக்குப் போன் பண்ணுவார். குறிப்பைத் திருத்துவார்கள். வியாழக்கிழமைக்குள் எல்லாரும் மறந்துபோவார்கள். மேபல் மறுபடியும் பளபளவென்று நிற்பாள். ஆர்டிஸ் மறுபடியும் துணி அறைக்குப் பக்கத்தில். ஒரு நாள், ஒன்றரை நாள்தானே. இந்த ஜில்லாவில் பாதிப் பேர் அந்தப் பவுடரைத் தின்றுவிட்டு மாடு மேய்க்கவில்லையா? வெண்டல் ஓஸ்னஸ் இடி விழுந்தாலும் எழுந்து போகிற ஆள். இப்படியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு "சரி" பொத்தானை அழுத்தினாள்.

அன்று வீட்டில் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தாள். "மதிப்புக்குரிய குழுவினருக்கு, நான் உங்களுக்கு ஒரு பதிவைப் போட்டுக் காட்ட விரும்புகிறேன்." டாக்டர் பெல்லமியின் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தாள். அவர் காதுமடலை இழுப்பார். பிறகு அவளைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்காகத்தான் இவ்வளவும்.

புதன்கிழமை ஒரு தரம் போனைக் கையில் எடுத்தாள். லொரெட்டாவிடம் சும்மா பேசுவதுபோல, "அந்தப் பவுடரை நிறுத்தச் சொல்லுடி" என்று சொல்லிவிடலாம், யாருக்கும் தெரியவேண்டியதில்லை. எண்ணை அழுத்தப் போகும்போது வெளியே டாக்டரின் குரல் கேட்டது. "இதுவரைக்கும் எனக்கு எழுதினதுலயே இதுதான் சுத்தமான குறிப்பு" என்று கெய்லினிடம் யாருடைய கோப்பையோ காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். இதுவரைக்கும். எழுதினதுலயே. ஆர்டிஸ் போனைக் கீழே வைத்தாள்.

வியாழக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு லொரெட்டாவின் பிக்கப் வண்டி ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றது. கதவைத் திறந்தவுடன் கெய்லின் கத்திய கத்தல் ஆர்டிஸின் அறைவரை கேட்டது. வெண்டலின் சட்டை முன்பக்கமெல்லாம் ரத்த வாந்தி. முகம் சாம்பல் பூத்திருந்தது. தானே நடந்து வருகிறேன் என்று ஒரு காலைக் கீழே வைத்து அப்படியே சரிந்தான்.

ஆர்டிஸ் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டாள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள். டாக்டர் இரண்டு கையிலும் ஊசி ஏற்றச் சொல்லிக்கொண்டே கேள்வி மேல் கேள்வி கேட்டார். சட்டைப்பையில் அந்தக் கைபேசி.

"ரெண்டு நாள் மாத்திரைக்கு இவ்வளவு ரத்தம் வராதே. லொரெட்டா, வேற என்ன சாப்பிட்டார்? யோசிங்க."

"ஒண்ணுமில்ல டாக்! நீங்க குடுத்ததுதான். ஒரு வேளை விடாம நானே எண்ணிக் குடுத்தேன்."

"சாராயம்?"

"வைக்கோல் காலத்துல தொடமாட்டான்."

டாக்டர் காதுமடலை இழுத்தார். ஆர்டிஸின் கை தானாகப் பேனாவைத் தேடியது. தட்டுவதற்கு மேஜை இல்லை. கூட்டம் பத்து மணிக்கு. பையில் காகிதம் இருக்கிறது. இப்போது சொன்னால் அது மேபலின் தப்பாக இருக்காது. செவ்வாய்க்கிழமை மதியத்திலிருந்து அது மேபலின் தப்பே இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"குதிரை மருந்து டாக். பியூட். ரெண்டு வாரமா தின்னுட்டிருக்கார்."

லொரெட்டா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ கடவுளே. அதுவா? அது குதிரையோடதுதானே!"

"எப்படித் தெரியும்?" என்றார் டாக்டர், ஆர்டிஸைப் பார்க்காமல், கை வேலையை விடாமல்.

"லொரெட்டா சொன்னா. நீங்க கை கழுவிட்டிருந்தீங்க. பதிவுல இருக்கு. செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் சொல்லல."

இப்போது பார்த்தார். இரண்டு நாளாக அவள் கண்ணாடி முன் நின்று வரவழைத்துப் பார்த்த பார்வை அது இல்லை. ஒரு வினாடிதான். பிறகு திரும்பி, சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனை, கிரேட் ஃபால்ஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன், ஹெலிகாப்டர் என்று அடுக்கிக்கொண்டே போனார். கெய்லின் ஆர்டிஸின் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினாள், வழியில் நிற்கிற நாற்காலியை நகர்த்துவதுபோல.

ஒன்பதரைக்கு ஹெலிகாப்டர் கிளம்பியது. லொரெட்டாவுக்கு அதில் இடமில்லை. பிக்கப்பை எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் தனியாக ஓட்டிப் போனாள். போகும்போது ஆர்டிஸைக் கடந்துதான் போனாள். திட்டவில்லை. முகத்தைக்கூடத் திருப்பவில்லை. அங்கே ஆள் இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

நிர்வாகக் குழு கூட்டத்தை மத்தியானம் இரண்டு மணிக்குத் தள்ளிப்போட்டது. வந்தவர்கள் காப்பி குடித்துக்கொண்டு வைக்கோல் விலையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் பெல்லமி சின்ன அறையின் வாசலில் வந்து நின்றார். சட்டை மாற்றியிருந்தார்.

"ஏன் ஆர்டிஸ்?"

"இன்னைக்குச் சொல்லலாம்னு வெச்சிருந்தேன். எல்லார் முன்னாடியும்."

"எனக்குத் தண்ணிச் சத்தத்துல கேக்கல," என்றார். "மேபலுக்கு அது என்னன்னு தெரியல. தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான்."

"மேபலோட குறிப்பையெல்லாம் எவ்வளவு புகழ்ந்தீங்க டாக். என்னோடதை ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லியிருக்கீங்களா?"

சொல்லிவிட்டாள். பதினொரு வருஷமாகக் கேட்காததை, ஒரு நாளும் சொல்லாத அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். ஒரு மனிதன் செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கும்போது கேட்கிற கேள்வியா என்று அவளுக்கே உறைத்தது, ஆனாலும் திரும்பப் பெற மனம் வரவில்லை.

டாக்டர் பெல்லமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "இல்ல," என்றார். "சொல்லியிருக்கணும்." போய்விட்டார்.

பதினொன்றேகாலுக்குக் கிரேட் ஃபால்ஸிலிருந்து தகவல் வந்தது. வயிற்றுக்குள் குழாயை விட்டுப் பார்த்து ரத்தத்தை நிறுத்திவிட்டார்கள், சிறுநீரகத்தை இன்னும் இரண்டு நாள் பார்க்க வேண்டும், மருந்தின் பெயர் முன்னாலேயே தெரிந்ததால் ஒரு மணி நேரம் மிச்சமாயிற்று. கெய்லின் இதைக் கதவுக்கு வெளியிலிருந்தே சத்தமாகப் படித்துவிட்டு நகர்ந்தாள்.

அதே நேரத்தில் ஆர்டிஸின் திரையில் அன்றைய முதல் குறிப்பு வந்து நின்றது. சரிபார்க்க வேண்டியது. வெண்டல் ஓஸ்னஸ், வயது அறுபத்து நான்கு.

படித்தாள். ரத்த வாந்தி எப்போது தொடங்கியது, எவ்வளவு, நாடித்துடிப்பு எத்தனை, எல்லாம் இருந்தன. அவள் "பியூட்" என்று சொன்னதை அது ஃபீனைல்பியூட்டஸோன் என்று முழுதாக எழுதியிருந்தது. அவளாக இருந்தால் அகராதியைத் திறந்திருப்பாள். அதற்குக் கீழே இப்படி இருந்தது: "நோயாளி இரண்டு வாரங்களாகக் குதிரைக்கான வலிமருந்தை உட்கொண்டு வருவதைப் பணியாளர் ஒருவர் தெரிவித்தார். இது செவ்வாய்க்கிழமையே தமக்குத் தெரியும் என்றும், தெரிந்தும் மருத்துவரிடம் சொல்லவில்லை என்றும் அவர் கூறினார்."

இரண்டே வரி. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. குத்திக் காட்டவில்லை, பரிந்து பேசவும் இல்லை. ஆர்டிஸ் அந்த இடத்தில் எழுதியிருந்தால் ஏதாவது ஒரு சமாதானம் எப்படியும் நுழைந்திருக்கும். அவளுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது, இந்த நிலைமையிலும்.

இரண்டாவது வரியை அழிக்கலாம். அதற்குத்தான் அவளை அங்கே உட்காரவைத்திருக்கிறார்கள், நோயாளிக்குச் சம்பந்தமில்லாததை நீக்குவதற்கு. அந்த வரி இல்லாவிட்டால் இரண்டு மணிக்குக் குழுவின் முன்னால் இருக்கப்போவது, கடைசி நேரத்தில் ஓடிவந்து ஓர் உயிரைக் காப்பாற்றிய ஆர்டிஸ் டோலெஃப்சன். டாக்டர் தானாகப் போய் அவளைக் காட்டிக்கொடுக்கமாட்டார், அதுவும் அவளுக்குத் தெரியும்.

பதிவை முதலிலிருந்து காதில் மாட்டிக் கேட்டாள். தன் குரலை அவள் இதற்குமுன் பதிவில் கேட்டதில்லை. எழுதுகிறவள் குரல் எந்தப் பதிவிலும் இருக்காது. வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போனது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு மூன்று தடவை படித்தாள். தப்பு என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. இருபத்து மூன்று வருஷம் அதே மூலையில் நின்றவளை அந்தச் சனியனுக்கு யாரென்று தெரிந்திருக்கவில்லை.

"பணியாளர் ஒருவர்" என்பதை அழித்தாள். அந்த இடத்தில் "ஆர்டிஸ் டோலெஃப்சன்" என்று அடித்தாள். "சரி" பொத்தானை அழுத்தினாள்.